தவக்காலத்தை ஒரே பங்காகக் கடைப்பிடிப்பது எப்படி: பங்குப் பேரவைக்கும் அன்பியங்களுக்கும் ஒரு வழிகாட்டி

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) ஆயத்தம் செய்யும் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்கி, பெரிய வியாழன் மாலை நிகழும் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன் நிறைவடைகிறது. இந்த நாள்களைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் தம்மளவில் ஒழுங்காகவே கடைப்பிடிக்கின்றன. ஒருவர் காபியை விடுகிறார், இன்னொருவர் அசைவத்தை விடுகிறார், மூன்றாமவர் நாற்பது நாளும் காலைத் திருப்பலிக்கு வருகிறார். ஆனால் பங்கு, அதாவது ஒரே கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகம், என்ற முறையில் எல்லோரும் சேர்ந்து செய்வது என்ன என்று கேட்டால், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் செபம்) தவிர வேறொன்றும் சொல்ல முடியாத நிலையே பல இடங்களில் உள்ளது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, தவக்காலத் தவம் அகத்தோடும் தனிமனிதரோடும் நின்றுவிடாமல் புறத்திலும் சமூகத்திலும் வெளிப்பட வேண்டும் என்று 110ஆம் எண்ணில் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பங்கு ஒன்றில் அதைச் செயல்படுத்த என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

பொங்கல் முடிந்ததும் கூட்டம்

திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். 2027ஆம் ஆண்டில் அது பிப்ரவரி 10 அன்றே வந்துவிடுகிறது. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. பொங்கல் முடிந்து நான்கு வாரம்கூட இடைவெளி இல்லாத இப்படிப்பட்ட ஆண்டுகளில், கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்து வைத்த கையோடு தவக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் வேலை நடக்கும். ஆகவே பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையின் கூட்டத்தை ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் வைத்துவிடுவது நல்லது. அன்பியங்களின் (பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) பொறுப்பாளர்கள், வின்சென்ட் தே பால் சபை, மரியாயின் சேனை, இளைஞர் இயக்கம், பாடகர் குழு, மறைக்கல்வி ஆசிரியர்கள், அருட்சகோதரிகள் ஆகியோருடன் கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் முடிவெடுப்பார்கள்; நாற்காலி போடுவதிலிருந்து கதவு பூட்டுவதுவரை அவர்தான் செய்யப் போகிறார். எந்த நாளில் எது முடியும், எது முடியாது என்பது அவருக்கே முதலில் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் நாற்பது நாளுக்கும் நாற்பது நிகழ்ச்சிகளை அடுக்குவது எளிது. ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தியானம், தனக்கொரு திருப்பயணம், தனக்கொரு நிதி என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் தலையசைத்தால் மூன்றாம் வாரத்தில் அதே முப்பது பேர் எல்லா நிகழ்ச்சிகளிலும் களைத்துப்போய் அமர்ந்திருப்பார்கள். மற்றவர்கள் யாரும் வரமாட்டார்கள். எனவே மூன்றே முடிவுகளை எடுத்தால் போதும் என்பது என் கருத்து. பங்கு முழுவதும் கடைப்பிடிக்கும் ஒறுத்தல் ஒன்று, பங்கு முழுவதும் பங்களிக்கும் அறச்செயல் ஒன்று, பங்கு முழுவதும் கூடும் வழிபாடு ஒன்று. மற்ற நிகழ்ச்சிகள் இந்த மூன்றோடு மோதாத அளவுக்கு நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

நாள்காட்டியை மேசைமேல் விரித்து வைத்துப் பேசுவது அவசியம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வுகள் வழக்கமாக இந்தக் காலத்தில்தான் வருகின்றன. தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் அன்பியக் கூட்டம் வைப்பதும், அந்தத் தெருவில் இரவு வெகுநேரம் ஒலிபெருக்கி போடுவதும் முறையல்ல. மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா. அவரைப் பாதுகாவலராகக் கொண்ட பங்குகளும் கிளைக் கிராமங்களும் தவக்காலத்தின் நடுவிலேயே கொடியேற்ற நேரிடுவதால், சிலுவைப்பாதை எங்கே, எப்போது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். 2027இல் அந்த நாள் வெள்ளிக்கிழமையில் வருகிறது. பெருவிழா என்பதால் அன்று இறைச்சி தவிர்க்கும் கடமை இல்லை. அதைப் பங்குத்தந்தை முந்தைய ஞாயிறே அறிவித்துவிட்டால், வாசலில் வைத்து ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் வேலை மிச்சமாகும். திருமணங்களைத் தவக்காலத்தில் வைப்பதில்லை என்ற வழக்கம் நம் பங்குகளில் வலுவாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மணமகனுக்காகத் தேதி கேட்டு வரும் குடும்பங்களிடம் மறைமாவட்டத்தின் ஒழுங்கை ஜனவரியிலேயே எடுத்துச் சொல்லிவிட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தபின் எழும் மனத்தாங்கல் இராது.

சாம்பல் தயாரித்தல்

கடந்த ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்து (ஆசீர்வதித்து) கொடுத்த ஓலைகளை எரித்தே திருநீற்றுப் புதனுக்கான சாம்பல் எடுக்கப்படுகிறது. வீடுகளில் சிலுவை வடிவில் மடித்து நிலைக்கதவின் மேலும் திருவுருவப் படங்களின் பின்னும் செருகி வைத்திருக்கும் ஓலைகளைக் கோவிலுக்குக் கொண்டுவரும்படி இரண்டு ஞாயிறுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். கோவில் முகப்பில் ஒரு பெரிய கூடையை வைத்து, அதன்மேல் எதற்காக என்று எழுதி ஒட்டிவிடலாம். வரும் ஓலைகளில் நெகிழி நூலும், பளபளப்பான தாளும், குண்டூசியும், சில வேளைகளில் பழைய செபமாலையும் சேர்ந்து வரும். மறைக்கல்விச் சிறுவர்களை அமரவைத்து அவற்றைப் பிரித்தெடுக்கச் செய்வதே ஒரு நல்ல பாடமாக அமையும்.

எரிக்கும் வேலையைக் காற்றில்லாத நேரத்தில், திறந்தவெளியில், வாயகன்ற மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ செய்ய வேண்டும். ஓலை நன்றாகக் காய்ந்திருந்தால் மளமளவென்று பற்றிக்கொள்ளும். ஆகவே சிறிது சிறிதாகப் போட்டு, முழுவதும் கருகி ஆறிய பிறகு அம்மியிலோ உரலிலோ இட்டுப் பொடிக்க வேண்டும். அடுத்து மாவு சல்லடையில் ஒருமுறையும், மெல்லிய வெள்ளைத் துணியில் ஒருமுறையும் சலித்தால் நரம்பும் திப்பியும் நீங்கிவிடும். சாக்கு நிறைய ஓலை எரித்தாலும் தேறுவது சில கைப்பிடிச் சாம்பல்தான் என்றாலும், ஒரு நெற்றிக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டியதில்லை என்பதால் அதுவே பங்குக்கும் கிளைக் கிராமங்களுக்கும் போதுமானதாக இருக்கும். ஈரம் படாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாம்பலைக் குழைப்பதற்காக அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைக்கக் கூடாது. சாம்பலும் நீரும் சேர்ந்து நிற்கும்போது காரத்தன்மை கொண்ட கரைசல் உருவாகி, மெல்லிய தோல் உடையவர்களுக்கு நெற்றியில் எரிச்சலும் புண்ணும் உண்டாகலாம். மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத்தால் தீங்கில்லை. குழைவு தேவையென்றால் சில துளி தேங்காய் எண்ணெய் போதும்.

சாம்பலை மந்திரிப்பவர் குருவானவர். பூசுவதற்குப் பிறர் உதவலாம். எனவே பங்குத்தந்தை போக முடியாத கிளைக் கிராமங்களுக்கும், படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கும், மந்திரித்த சாம்பலை யார் எடுத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்ற சொற்களைக் கேட்டுக்கொண்டு நெற்றியில் சாம்பல் வாங்கும் அந்த மாலைதான், ஆண்டு முழுவதும் கோவில் பக்கம் வராதவர்களும் வரும் மாலை. அன்று மறையுரைக்குப் பிறகு இரண்டே நிமிடத்தில் பங்கின் மூன்று முடிவுகளையும் சொல்லி, அச்சிட்ட ஒரே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

திருச்சபைச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த அளவே பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும் உண்டு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழு உணவு. காலையிலும் மாலையிலும் சிறிது உட்கொள்ளத் தடையில்லை. சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத் தவிர்ப்பது. 14 வயது நிறைந்தவர்களைச் சுத்தபோசனமும், 18 வயது நிறைந்தவர்களை 59 வயது நிறையும்வரை ஒருசந்தியும் கட்டுப்படுத்துகின்றன.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், வெயிலில் உடலுழைப்பு செய்பவர்கள் ஆகியோர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதைப் பங்குத்தந்தையே பீடத்திலிருந்து சொல்ல வேண்டும். அன்பியப் பொறுப்பாளர் சொன்னால் பாட்டிமார்கள் கேட்பதில்லை. “அறுபது வருஷமா இருந்துட்டு வர்றேன்” என்று அவர்கள் சொல்லும்போது எதிர்த்துப் பேச முடியாது. சாமியார் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டால்தான் கஞ்சியாவது குடிப்பார்கள்.

பங்கு முழுவதற்குமான ஒறுத்தலைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஊரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைப் பங்குகளில் மீன்தான் அன்றாட உணவு. இறைச்சியை விடுவதால் அங்கே எதுவும் குறைந்துவிடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் மதுவை விடுவதோ, சீட்டாட்டத்தை விடுவதோ, வெள்ளிக்கிழமை மாலையில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியை அணைத்து வைப்பதோ பொருத்தமாக இருக்கும். நகரத்துப் பங்குகளில் செயலி வழியே உணவு வரவழைப்பதை நாற்பது நாள் நிறுத்தி அந்தப் பணத்தை உண்டியலில் போடுவது என்ற முடிவு, பார்க்கச் சிறிதாகத் தோன்றினாலும் வீட்டுப் பிள்ளைகள்வரை எல்லோரையும் தொடும். எது முடிவானாலும் அது ஒன்றே ஒன்றாகவும், தெருவில் சந்திக்கும்போது “உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?” என்று கேட்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். காவியுடுத்தி, மாலை அணிந்து, நாற்பது நாளும் தரையில் படுத்து விரதம் இருப்பவர்கள் சில பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வதும் தவறு. மற்ற எல்லோருக்கும் அதையே அளவுகோலாக்குவதும் தவறு.

அன்பியக் கூட்டங்கள்

தவக்கால ஞாயிறு வாசகங்களில் முதல் வாரம் பாலைநிலச் சோதனையும், இரண்டாம் வாரம் தோற்றமாற்றமும் எல்லா ஆண்டுகளிலும் வருகின்றன. மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டு வரிசையில் அடுத்த மூன்று ஞாயிறுகளுக்குச் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகிய யோவான் நற்செய்திப் பகுதிகள் உள்ளன. பங்கில் திருமுழுக்குப் பெற ஆயத்தம் செய்யும் பெரியவர்கள் இருந்தால், எந்த ஆண்டிலும் இவற்றையே வாசிக்கலாம். அன்பியக் கூட்டத்தில் வரும் ஞாயிறின் நற்செய்தியை ஒருமுறை நிதானமாக வாசித்து, சிறிது மௌனத்துக்குப் பிறகு இரண்டு கேள்விகளை மட்டும் பேசினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தேநீரும் பலகாரமும் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஆறு வாரங்களுக்கு எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு வீட்டில் வெறும் தண்ணீரும் அடுத்த வீட்டில் பஜ்ஜியும் என்றால், மூன்றாம் வீட்டுக்காரர் கூட்டத்தை ஏற்கவே தயங்குவார்.

சிலுவைப்பாதை

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியில் தொடங்கினால், பெரிய வெள்ளிக்கு முன் எப்போதும் ஆறு வெள்ளிக்கிழமைகள் கிடைக்கும். ஒவ்வொரு வெள்ளியையும் இரண்டு மூன்று அன்பியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வாசிப்பவர், சிலுவை சுமப்பவர், திரி பிடிப்பவர் ஆகியோரை அவர்களே தீர்மானிக்கும்படி விட்டுவிடலாம். வாசிப்பவர்கள் வியாழன் மாலையில் ஒருமுறை ஒலிவாங்கியில் வாசித்துப் பார்க்க வேண்டும். “எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி” என்ற பதில் எல்லோருக்கும் மனப்பாடம்; அதனாலேயே முன்னால் வாசிப்பவர் வேகமாகப் போனால் மக்கள் அவரை முந்திக்கொண்டு முடித்துவிடுவார்கள். பதினான்கு நிலைகளுக்கும் புதுப்புதுச் சிந்தனைகளைப் பக்கம் பக்கமாக எழுதி வாசிக்கும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்குவது நல்லது. நிலைக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் எழுபது நிமிடம்; அதற்குமேல் முழந்தாளிட்டு எழுவது முதியவர்களால் ஆகாது.

ஆறு வெள்ளிகளில் ஒன்றையாவது தெருவில் நடத்தலாம். அதற்குப் பாதையை வகுப்பதுதான் உண்மையான வேலை. தேரும் பவனியும் சில தெருக்களுக்கு மட்டும் போகும், தலித் மக்கள் வாழும் தெருவுக்குப் போகாது என்ற வழக்கம் நம் ஊர்களில் இருந்திருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைக் கடும் பாவமாகவே பேசுகிறது. ஆகவே பாதை வரைபடத்தை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பங்கில் உள்ள எந்தத் தெரு விட்டுப்போகிறது என்பதுதான். “அந்தப் பக்கம் சந்து குறுகல்”, “அங்கே விளக்கு இல்லை”, “சுற்றி வர நேரமாகும்” என்று காரணங்கள் வரும். சந்து குறுகலாக இருந்தால் இருவர் இருவராக நடக்கலாம், விளக்கு இல்லையென்றால் டார்ச் எடுத்துச் செல்லலாம். எல்லாத் தெருக்களிலும் நிலைகளை அமைக்க முடியாத அளவுக்குக் கருத்து வேறுபாடு இருக்குமானால், தெருச் சிலுவைப்பாதையைத் தள்ளி வைத்து அந்த வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பதே அந்த ஆண்டின் தவம்.

நிலைகளுக்கான வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, வசதியான வாசல் உள்ள வீடுகளையே தேடாமல், நடக்க முடியாத நோயாளிகள் இருக்கும் வீடுகளின் முன் நிறுத்துவது சிறந்தது. ஆண்டுக்கணக்கில் கோவிலுக்கு வராதவரின் வாசலுக்குப் பங்கு முழுவதும் வந்து நிற்கும். வீட்டார் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி வைத்தால் போதும். மாலையும் தோரணமும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வீடு போட்டி வந்துவிடும். நிலைக்கு நிலை நூறு மீட்டர் இருந்தால் மொத்தம் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் வரும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் நடக்க அது போதிய தூரம். வேண்டுதலாகச் செருப்பில்லாமல் நடப்பவர்கள் பலர் இருப்பார்கள். மார்ச் மாதத் தார்ச்சாலை நான்கு மணிக்கும் சுடும். ஆறு மணிக்குத் தொடங்குவது அவர்கள் பாதத்துக்கு நல்லது.

பொதுச்சாலையில் நடப்பதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் பாதை, நேரம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைக் குறித்து மனு கொடுத்து முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்பதால், அதிகாலைச் சிலுவைப்பாதை நடத்தும் பங்குகள் வெறும் குரலிலேயே செபிக்க வேண்டும். அந்த அமைதியும் நன்றாகத்தான் இருக்கும். மாலையிலும் ஆட்டோமேல் கூம்புக் குழாய் கட்டுவதைவிட, தோளில் மாட்டும் சிறு ஒலிபெருக்கிகள் இரண்டு போதும். பிற சமயத்தவர் வீடுகளுக்கு முன்னால் நிலை அமைப்பதாக இருந்தால் அவர்களிடம் நேரில் சென்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர்களே வாசல் தெளித்து வைத்திருப்பார்கள்.

சிலுவையைச் சுமப்பவர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையெனில் முதல் நிலையில் எடுத்த இளைஞர்கள் பதினான்காம் நிலைவரை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பெண்கள், கைம்பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று நிலைக்கு நிலை மாற்றிக் கொடுக்க ஒருவர் பொறுப்பாக இருந்தால், சிலுவை பங்கு முழுவதன் கைகளிலும் போய்வரும்.

பீடமும் பாடலும்

தவக்காலத்தில் பீடத்தில் மலர் வைப்பதில்லை, அல்லேலூயா பாடுவதில்லை, ஞாயிறுகளில் “உன்னதங்களிலே” என்ற வானவர் கீதம் இல்லை, இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம். மலருக்கும் இசைக்கருவிகளுக்கும் உள்ள கட்டுப்பாட்டுக்கு நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விலக்கு; அல்லேலூயா அப்போதும் இல்லை. பாடகர் குழுவுக்கு இதைச் சொல்லும்போது தடையாகச் சொல்லாமல், கீபோர்டு தாளப் பெட்டியை அணைத்துவிட்டு மக்கள் பாடும் குரலைக் கேட்கும் வாய்ப்பாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பழைய வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி இராகத்தில் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் பங்கில் இருந்தால், அவர்களோடு இரண்டு இளைஞர்களை அமர்த்திக் கற்றுக்கொள்ளச் செய்ய இதைவிட நல்ல காலம் இல்லை.

ஒப்புரவு அருட்சாதனம்

குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைப் பெரிய வாரத்துக்குத் தள்ளி வைப்பதே எல்லாச் சிக்கலுக்கும் காரணம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 300 பேருக்கு 15 மணி நேரம் ஆகும். ஒரே குருவால் அது முடியாது. ஐந்து குருக்கள் அமர்ந்தால் மூன்று மணி நேரம். எனவே மறைவட்டத்து (அக்கம்பக்கத்துப் பங்குகளின் தொகுதி) பங்குத்தந்தையர்கள் ஒருவர் பங்குக்கு ஒருவர் வந்து உதவும்படி நாள்களைப் பிரித்துக்கொண்டு, நான்காம் வாரத்துக்குள் ஒரு மாலையைப் பொது ஒப்புரவு வழிபாட்டுக்கு ஒதுக்க வேண்டும். இறைவாக்கும் மனச்சான்று ஆய்வும் எல்லோருக்கும் பொது. பாவ அறிக்கையும் மன்னிப்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பொதுவில் கூடி வந்தாலே போதும் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்புபவர்கள் உண்டு என்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இட ஏற்பாட்டில் சில நுணுக்கங்கள் உள்ளன. குருக்களின் நாற்காலிகளைக் கோவிலின் நான்கு மூலைகளிலும் கெபியிலுமாக (குகை வடிவச் சிற்றாலயம்) பிரித்துப் போட்டு, வரிசையின் முதல் ஆள் நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் ஐந்தாறு அடி தள்ளிக் கோடிட்டுக் காட்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்தினால் குரல் கேட்டுவிடும். மெல்லிய குரலில் பாடலோ செபமாலையோ தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் முதல் அரை மணி நேரத்தை ஒதுக்கலாம். பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் வெளியூர்க் குருவிடம் போவார்கள் என்பதால், யார் எந்த வரிசைக்குப் போகிறார்கள் என்று ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்கள் யாரையும் பிடித்து இழுக்கக் கூடாது.

பிடி அரிசியும் உண்டியலும்

பங்கின் அறச்செயல் எதற்காக என்பது திருநீற்றுப் புதனுக்கு முன்பே முடிவாகி அறிவிக்கப்பட வேண்டும். “ஏழைகளுக்கு” என்று பொதுவாகச் சொன்னால் உண்டியலில் சில்லறைதான் விழும். பங்கு எல்லைக்குள் சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் போகும் இரண்டு நோயாளிகளின் பயணச் செலவு என்றோ, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கான கட்டணம் என்றோ சொன்னால் மக்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தவக்காலத்தில் சேர்ந்ததை அந்த 61 நாள்களில் படகுக் கூலியாள்களின் குடும்பங்களுக்கு அரிசியாகக் கொடுக்கலாம். பயன் பெறுபவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கக் கூடாது. கொடுக்கும்போது நிழற்படம் எடுக்கக் கூடாது.

சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததே. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் என்று கொண்டால் நாற்பது நாளில் ஒரு வீட்டுக்கு 2 கிலோ, 200 வீடுகளுக்கு 400 கிலோ. வசதி குறைந்த வீடும் வசதியான வீடும் ஒரே அளவு கொடுக்கக்கூடிய காணிக்கை இதுதான் என்பதால் பணத்தைவிட இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் எல்லா அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினால் கெட்டது. புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி மூன்றும் கலந்த அரிசியை உலையிலிட்டால் ஒன்று குழைந்து இன்னொன்று வேகாமல் நிற்கும். அப்படிப்பட்ட அரிசியை யாருக்குக் கொடுத்தாலும் அவமதிப்பாகவே முடியும். மூன்று சாக்குகளை வைத்து, சாக்குக்கு ஒரு சிறுவனை நிறுத்த வேண்டும். வண்டு வராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு வைக்கும்படி வீடுகளில் முன்பே சொல்லி வைக்கலாம்.

நிதி வரவுகளைப் பிரித்து வைப்பதில் கவனம் தேவை. திருச்சபையின் சமூகப்பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியாவின் தவக்காலப் பரப்புரைக்கான காணிக்கை வேறு, பங்கின் சொந்த அறச்செயலுக்கான காணிக்கை வேறு, பெரிய வெள்ளியன்று புனித நாட்டுக்காக எடுக்கப்படும் காணிக்கை வேறு. மூன்றுக்கும் மூன்று உறை, மூன்று பதிவேடு.

பெரிய வாரத்தை நோக்கி

ஐந்தாம் வாரத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் கடைசி நாளில் ஓட வேண்டியதில்லை. குருத்தோலை வெட்டும்போது ஒரே தென்னையின் குருத்தை முழுவதும் எடுத்தால் மரம் பட்டுப்போகும்; பல தோப்புகளிலிருந்து சிறிது சிறிதாகக் கேட்டு வாங்குவதே முறை. பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுபவர்களாகப் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 2016 ஜனவரியில் உரோமையிலிருந்து வந்த ஆணை தெளிவாக்கியிருக்கிறது. ஆனாலும் வெள்ளை வேட்டி கட்டிய பேரவை உறுப்பினர்களையே உட்கார வைக்கும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. பங்கில் வாழும் வடமாநிலத் தொழிலாளர், முதியோர் இல்லத்தார், மாற்றுத்திறனாளி, பள்ளி மாணவி என்று பட்டியலை முன்பே எழுதி, அவர்களை நேரில் போய் அழைக்க வேண்டும். அழைப்பு கடைசி நேரத்தில் வந்தால் அவர்கள் கூச்சத்தில் மறுத்துவிடுவார்கள். அன்றிரவு நற்கருணை ஆராதனைக்கு அன்பியவாரியாக மணி ஒதுக்கும்போது, தொலைவில் வாழும் அன்பியங்களுக்கு முதல் மணியையும், கோவிலை ஒட்டிய தெருவுக்குப் பதினொரு மணியையும் கொடுப்பது பெண்கள் பாதுகாப்பாக வீடு திரும்ப உதவும்.

பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கஞ்சியும் துவையலும் பரிமாறும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. அந்தக் கஞ்சிக்குக் கோவில் நிதியைத் தொடாமல், அன்று காலை வீட்டுக்கு ஒரு ஆழாக்கு வீதம் வாங்கிய அரிசியையே உலையிலிடலாம். வாழையிலைத் தொன்னையோ வீட்டிலிருந்து கொண்டுவரும் தூக்குச்சட்டியோ போதும். காகிதக் கோப்பைகள் கோவில் வளாகம் முழுவதும் பறப்பதை மறுநாள் திருவிழிப்புக்கு முன் பெருக்குவது கோவில்பிள்ளை தலையில்தான் விழும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று மூன்று பதிவேடுகளின் கணக்கையும் திருப்பலி முடிவில் வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த வாரத்திலேயே பேரவை ஒருமுறை கூடி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்பதைக் குறித்து வைப்பது பயனுள்ளது. காவல் நிலைய மனுவின் நகல், சிலுவைப்பாதை வரைபடம், சாம்பலுக்கான ஓலை எப்போது கேட்கப்பட்டது என்ற தேதி, ஒப்புரவுக்கு வந்த குருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டுப் பங்கு அலுவலகத்தில் வைத்துவிட்டால், பங்குத்தந்தை மாற்றலாகிப் போனாலும் அடுத்த ஜனவரியில் புதியவர் அதைப் பிரித்துப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.